கடலழிஞ்சிலும் குடலின் நான்கு நொதிகளும்

நீரிழிவுக்குச் சித்த மருத்துவர் சூரணமாகத் தருவதும், இலங்கையில் மரத்தைக் குடைந்து செய்த குவளையில் இரவெல்லாம் ஊறிய நீராகப் பருகப்படுவதும் சலாசியா என்னும் பேரினத்துக் கொடிகளே. தமிழில் கடலழிஞ்சில், சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு. இவற்றின் ஆற்றலுக்கு மூலம் எது என்று தேடுவோர் முதலில் செடியை உறுதிசெய்தாக வேண்டும். அதற்குத் திருச்சிராப்பள்ளியில் வாய்த்த இடம், தூய வளனார் கல்லூரியில் அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் நிறுவிய ராபினாட் உலர்தாவரகம், அதாவது செடிகளை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டிக் காக்கும் கூடம். சலாசியாவின் சிறு பூவில் ஐந்து இதழ்களுக்கு நடுவே மூன்றே மகரந்தத் தாள்கள் நிற்பதைக் கைவில்லை காட்டிவிடும். ஆனால் கடைக்கு வருவது பூவற்ற வேர்த்துண்டு என்பதால், ஓர் இனம் மற்றொன்றாக மாறிப்போவது எளிது.

அவ்வேரின் வேதிமூலம் 1997இல் புலப்பட்டது. கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தின் மசாயுகி யோஷிகாவா குழுவினர் பிரித்தெடுத்த சலாசினால் என்னும் அச்சேர்மத்தின் வளையத்தில் நேர்மின்சுமை ஏந்திய கந்தக அணு ஒன்று உண்டு. சர்க்கரைப் பிணைப்பை நொதி வெட்டும் கணத்தில் சர்க்கரை மூலக்கூறும் நேர்மின்சுமை கொள்வதால், அதைப் போலத் தோன்றும் சலாசினால் நொதியின் வெட்டும் இடத்தில் அமர்ந்து அதை அடைத்துவிடுகிறது.

எந்த நொதியின் இடத்தில் என்பதே உண்மையான கேள்வி. திருவரங்கத்து வைணவ இல்லங்களின் அக்காரவடிசிலை எடுத்துக்கொண்டால், அதன் அரிசி மாவுச்சத்தை அமைலேஸ் நொதி முதலில் சிறு துண்டுகளாக்க, அத்துண்டுகளையும் வெல்லத்தின் சர்க்கரையையும் ஒற்றைச் சர்க்கரைகளாக வெட்டுவது சிறுகுடல் சுவரின் இரு புரதங்கள்: மால்டேஸ்-குளூக்கோஅமைலேஸ், சுக்ரேஸ்-ஐசோமால்டேஸ். ஒவ்வொன்றும் இரட்டை என்பதால் வெட்டும் இடங்கள் நான்கு. பாலின் லாக்டோஸை வெட்டும் லாக்டேஸ் வேறு குடும்பத்தது.

இந்நான்கின் பிறப்பு வியப்புக்குரியது. ஒரே சங்கிலியில் அடுத்தடுத்து அமர்ந்த இரு பாதிகளும் அமினோ அமில வரிசையில் ஏறத்தாழ 40 விழுக்காடே ஒத்திருக்க, ஒரு புரதத்தின் முற்பாதி மற்றதன் முற்பாதியுடன் ஏறத்தாழ 60 விழுக்காடு ஒத்திருக்கிறது. மூல நொதி முதலில் இரட்டித்து ஒட்டிக்கொண்டது, அந்த இரட்டை மரபணு பின்னர் முழுதாக மறுபடியும் பிரதியானது என்பதே இதற்குத் தக்க விளக்கம். இன்று மனிதரில் ஒன்று 7ஆம் குரோமோசோமிலும் மற்றது 3ஆம் குரோமோசோமிலும் உள்ளன.

உறவு இவ்வாறு கிளைத்ததால், ஒரே தடுப்பானுக்கு அவை ஒரே வகையில் அடங்குவதில்லை. 2010இல் கனடாவின் டேவிட் ரோஸ், மரியோ பின்டோ ஆகியோரின் குழுக்கள் வெளியிட்ட ஆய்வில், மால்டேஸ்-குளூக்கோஅமைலேஸின் முற்பாதிக்கு எதிராகச் சலாசினாலின் தடுப்பு மாறிலி 0.19 மைக்ரோமோலார்; இவ்வெண் குறையக் குறையத் தடுப்பு வலுவாகும். சலாசியாவின் இன்னொரு சேர்மமான கொட்டலனாலிலிருந்து சல்பேட்டை நீக்கிய வடிவுக்கு அது 0.03. பாக்டீரியாவிலிருந்து கிடைத்து மருந்தாக விற்கும் அகார்போஸுக்கோ 62. அதே அகார்போஸ் அப்புரதத்தின் பிற்பாதியை மிகக் கடுமையாகத் தடுக்கிறது.

ஆகவே ஒரு மூலிகை ‘ஆல்ஃபா குளூக்கோசிடேஸைத் தடுக்கிறது’ என்று எழுதி நிறுத்துவது செடியின் பேரினத்தைச் சொல்லி இனத்தைச் சொல்லாமல் விடுவதற்குச் சமம். மேலும், எளிதில் கிடைப்பதால் பல ஆய்வுகள் ஈஸ்ட் நொதியைக் கொண்டே சோதிக்கின்றன. புரத வகைப்பாட்டில் அது 13ஆம் குடும்பம், குடலின் நான்கும் 31ஆம் குடும்பம். நோயாளிகள் உணவோடு உட்கொள்ளும் அகார்போஸே அந்த ஈஸ்ட் சோதனையில் வலுவற்றதாகத் தோன்றுகிறது.