கைகோத்து நின்ற வருஷம்

தாமிரபரணி கடலில் சேர்வதற்கு முந்தின சில மைல்களில் ஊர்கள் ரொம்ப நெருக்கம். ஏரல், உமரிக்காடு, ஆத்தூர், முக்காணி, குரும்பூர், தென்திருப்பேரை என்று ஒரு ஊரின் வாழைத்தோட்டம் முடிகிற இடத்தில் அடுத்த ஊர் தொடங்கிவிடும். நெருங்கி இருக்கிறவர்களுக்குள் போட்டியும் இருக்கும். எந்த ஊர்க் கோயில் கொடை பெரிசு, எந்த ஊர் வாழைத்தார் கனம் என்று டீக்கடையில் விடிய விடியப் பேசினாலும் முடிவு வராது. முடிவு வருகிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கபடி மைதானம்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்த 1995-ல் அந்தக் காய்ச்சல் உச்சத்தில் இருந்தது. காரணம் மணத்தி கணேசன். முந்தின வருஷம் அக்டோபரில் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அவர் இருந்தார். ஆசிய விளையாட்டில் கபடி பதக்க ஆட்டமாகச் சேர்ந்ததே 1990 பெய்ஜிங்கில்தான். அடுத்த தடவையே நம்ம பக்கத்து ஆள் ஒருவர் அங்கே நிற்கிறார்! மணத்தி எங்களுக்கு வரைபடத்தில் தேட வேண்டிய ஊரில்லை. சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். அவருக்கு 1995-ஆம் வருஷத்துக்கான அர்ஜுனா விருதும் கிடைத்தது. அந்த நாட்களில் எங்கள் வகுப்பில் டாக்டராக வேண்டும், இன்ஜினியராக வேண்டும் என்று எவனும் சொல்லிக் கேட்டதில்லை. வாழைக்கு மண் அணைக்கிற கூலிக்காரர் மகனும் பாத்திரக்கடை முதலாளி மகனும் ஒரே ஆசையைச் சொன்னார்கள்.

ஜூலை பிறந்ததும் சுற்று வட்டாரப் பள்ளிக்கூடங்களோடு மேட்ச் தொடங்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே பி.டி. சார் மைதானத்தில் இறங்கிவிடுவார். ஆற்றிலிருந்து மாட்டு வண்டியில் மணல் வரும். அதைப் பரப்பி, சல்லடை போட்டுக் கல்லையும் சிப்பியையும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவோம். நடுக்கோடு, அதற்கப்பால் பால்க் லைன், அதற்கும் பின்னால் போனஸ் லைன். கோடு ஒரு விரல் அகலத்துக்கு மேல் பரவினாலும் சார் அழித்து மறுபடி போடச் சொல்வார்.

மேட்ச் அன்று காலையில் எங்களை வரிசையாக நிறுத்தி, இரண்டு கையையும் நீட்டச் சொல்வார். புது பிளேடைப் பாதியாக ஒடித்து ஒவ்வொருவனுக்கும் அவரே நகம் வெட்டிவிடுவார். நகம் இருந்தால் நடுவர் இறங்க விடமாட்டார். தொடையில் எண்ணெய் தடவியிருக்கிறதா என்றும் நடுவர் தடவிப் பார்ப்பார். ஆனால் சார் நகம் வெட்டியது சட்டத்துக்காக மட்டும் இல்லை. "எதுத்தாப்ல நிக்கவனும் ஒரு தாய் பிள்ளைதாம்லே. பிடிச்சா அவனுக்கு வலிக்கட்டும். கீறல் விழப்பிடாது" என்பார். எத்தனையோ பெரியவர்கள் பிறகு எனக்கு எத்தனையோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். எதுவும் இதை மிஞ்சியதில்லை.

ஏழு பேர் ஆடுகிற ஆட்டத்தில் நான் லெப்ட் இன். எனக்கு இடப்பக்கம் லெப்ட் கார்னர். எதிரணியிலிருந்து பாடி வருகிற பாட்டுக்காரன் எங்கள் எல்லைக்குள் வந்தால் நாங்கள் இருவரும் கைகோத்து நிற்போம். அவன் என் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வான், நான் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். விரல்களைக் கோத்தால் நழுவும். மணிக்கட்டைப் பிடித்தால் நழுவாது. அவன் முன்னால் நகர்ந்தால் நானும் நகர வேண்டும், அவன் பின்வாங்கினால் நானும். பாட்டுக்காரனின் கண்ணைப் பார்க்காதே, இடுப்பைப் பார் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கண் பொய் சொல்லும், இடுப்பு சொல்லாது. காலை நீட்டித் தொட வருகிற அந்த நொடியில் லெப்ட் கார்னர் குனிந்து கணுக்காலைப் பிடிப்பான். அவன் பிடித்த மறுநொடி நான் இடுப்பில் விழ வேண்டும். நான் தாமதித்தால் பாட்டுக்காரன் அவனையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போய்விடுவான். நாங்கள் ஒருவரை ஒருவர் பேசிப் புரிந்துகொள்ளவில்லை. மணிக்கட்டில் விழுகிற அழுத்தத்தில் புரிந்துகொண்டோம்.

லெப்ட் கார்னரின் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். எங்கள் தெருவுக்குள் அவன் வந்ததில்லை, அவன் தெருவுக்கு நான் போனதில்லை. ஏன் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, சொல்லாமலே தெரிந்திருந்தது. எங்கள் தெருவிலும் கபடி டீம் உண்டு, அவன் தெருவிலும் உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று ஆடியதே கிடையாது. ஆடினால் ஆட்டத்தோடு நிற்காது என்று பெரியவர்கள் பயந்தார்கள். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூடிய ஒரே இடம் பள்ளிக்கூட டீம்தான்.

அந்த சீசனில் ஒவ்வொரு ஊரும் எங்களுக்கு ஒவ்வொரு பாடம். ஆத்தூர்ப் பையன்கள் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்து பழகியவர்கள். பிடித்தால் விடமாட்டார்கள். குரும்பூர்ப் பக்கத்துப் பையன்கள் தேரியின் செம்மணலில் ஓடி வளர்ந்தவர்கள். அவர்களுடைய தொடையைப் பிடிப்பது அடிமரத்தைப் பிடிப்பது மாதிரி. சாயர்புரத்தோடு ஆடிய மேட்ச்சில் முதல் பாதியில் லோனா வாங்கினோம். ஏழு பேரும் அவுட், அதோடு எதிரணிக்கு இரண்டு பாயிண்ட் கூடுதல். இடைவேளையில் சார் திட்டவில்லை. தண்ணீர் கொடுத்தார், நாங்கள் நிற்கிற முறையை மட்டும் மாற்றினார், அந்த மேட்ச்சை ஜெயித்தோம். ஆடி அமாவாசைக்கு எங்கள் ஏரல் சேர்மன் கோயில் திருவிழா வந்து, ஆற்றுமணல் முழுக்கப் பந்தலும் வண்டிகளுமாக நிறைந்தபோதும் பயிற்சி நிற்கவில்லை. கூட்டத்தில் வழி விலக்கி ஆற்றில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று "கபடி கபடி" என்று ஒரே மூச்சில் பாடுவோம். நெஞ்சைத் தண்ணீர் அழுத்தும்போது பாடிப் பழகினால் தரையில் மூச்சு நீளும்.

ஆகஸ்ட் மாதம் சாதிக் கலவரத்தில் தெற்கே எல்லாம் கெட்டது. பஸ்கள் மீது கல் விழுந்தது. ஊருக்கு ஊர் வெட்டுக்குத்து என்று தகவல் வந்துகொண்டே இருந்தது. ஆகஸ்ட் 31-ஆம் தேதி எங்கள் மாவட்டத்திலேயே உள்ள கொடியன்குளத்தில் போலீசார் புகுந்து, தலித் மக்களின் வீடுகளையும் பண்டபாத்திரங்களையும் அடித்து நொறுக்கினார்கள். பஸ் நின்றது, பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தது. திறந்தபோது வகுப்பில் பல பெஞ்சுகள் காலி. லெப்ட் கார்னர் வரவில்லை. வட்டார இறுதி ஆட்டம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், "இனி அந்தப் பயலுவளோட என்ன ஆட்டம்?" என்று அப்பாவிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அப்பா பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு சாயங்காலம் பி.டி. சார் தன் டி.வி.எஸ். 50-ல் என்னை ஏற்றிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். லெப்ட் கார்னரின் அப்பா திண்ணையிலிருந்து எழுந்து நின்றார். சார் அவரை உட்காரச் சொல்லி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணாச்சி, பையன என் பொறுப்புல கூட்டிட்டுப் போறேன், என் பொறுப்புலயே கொண்டாந்து விடுதேன்" என்றார். அவன் அப்பா வெகுநேரம் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து லெப்ட் கார்னரின் அம்மா டம்ளர்களோடு வந்தார். சாருக்கு ஒன்று கொடுத்தார். அடுத்ததை என் பக்கம் நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "கருப்பட்டிக் காப்பி குடிப்பியாய்யா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் எந்த விருந்தாளியிடமும் அம்மா அப்படிக் கேட்டதில்லை, நேரே கொடுத்துவிடுவாள். அந்தக் கேள்விக்குள் எத்தனை தலைமுறை இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் விளங்கியது. வாங்கிக் குடித்தேன். சுக்கு தூக்கலாக இருந்தது.

இறுதி ஆட்டம் ஒருவழியாக நடந்தது. எதிரணியில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்துப் பையன்கள். கடைசி நிமிஷங்களில் நான் அவுட்டாகிக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். கபடியில் ஒரு சட்டம் உண்டு: நம் அணி எதிரணியில் ஒருவனை அவுட்டாக்கினால், வெளியே இருப்பவன் ஒருவன் உயிர்பெற்று உள்ளே வரலாம், அவுட்டான வரிசைப்படி. எங்கள் வரிசையில் முதலில் நான். உள்ளே மூன்றே பேர். அவர்களுடைய பெரிய பாட்டுக்காரன் பாடி வந்தான். கைகோக்க ஆளில்லாமல் லெப்ட் கார்னர் மூலையில் தனியாக நின்றான். காலை நீட்டிய நொடியில் குனிந்து கணுக்காலைப் பிடித்தவன் விடவே இல்லை. நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது பாட்டு அறுந்தது. நடுவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் ஓடிப்போய் என் இடத்தில் நின்றேன். மூச்சு வாங்கிக்கொண்டே அவன் கையை நீட்டினான். மைதானத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தில் எங்கள் தெருக்காரர்கள் இருந்தார்கள், அவன் தெருக்காரர்களும் இருந்தார்கள். ஒரே குரலாகக் கத்தினார்கள். அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் ஒரே பக்கம் நின்று கத்தியதை நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மாவட்ட ஆட்டத்துக்குத் தூத்துக்குடி தருவை மைதானம் போனோம், தோற்றோம். தோற்கடித்தவர்கள் கடற்கரைப் பையன்கள். திரேஸ்புரம் பக்கத்தில் சங்கு குளிக்கிற வீடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். அவர்களுடைய மூச்சு முடிவதாகவே தெரியவில்லை. எங்கள் ஏரலுக்குப் பக்கத்துக் கொற்கைதான் பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கி, கொற்கை வயலாகிவிட்டது. முத்துக்குளித்த மூச்சு மட்டும் கடலோடு போய் அங்கே இருக்கிறது என்று சார் திரும்பி வரும்போது சொன்னார். தோல்வியைக்கூட எங்கள் ஊர்ப் பெருமையாக்கித் தர அவருக்குத் தெரிந்திருந்தது.

2025-ல் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜின் 'பைசன்' படம் வந்தபிறகு அவரை ஊரெல்லாம் தெரிந்துகொண்டது. எனக்கு அதே வருஷம் மார்ச் மாதத்துச் செய்திதான் மனசை விட்டுப் போகவில்லை. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போன பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவனை வழிமறித்து, கைவிரல்களை வெட்டினார்கள். கபடியில் அவன் அணி ஜெயித்ததுதான் காரணம் என்று அவன் வீட்டார் சொன்னார்கள். வெட்டுப்பட்டது ஒரு கபடிக்காரனின் விரல்.

இதைக் கேட்டதும், ஊருக்கு ஊர் ஆட்டமே வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தெரு டீமும் ஊர் டீமும் ஒரே சாதிப் பிள்ளைகளைச் சேர்த்து, அடுத்த சாதிப் பிள்ளைகளுக்கு எதிரே நிறுத்துகின்றன. பள்ளிக்கூட டீம் வாய்க்காலுக்கு இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே பக்கத்தில் நிறுத்துகிறது. கபடி தொடாமல் ஆட முடியாத ஆட்டம். எதிரியையும் தொட வேண்டும், கூட்டாளியையும் தொட வேண்டும். தொடுவதற்குப் பயந்த ஊர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. அந்த மருந்தைக் கொடுக்கத் தெரிந்த ஒரு பி.டி. வாத்தியார் ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் வேண்டும். பத்தாம் வகுப்புப் பரீட்சையைக் காரணம் காட்டி அவருடைய பீரியடைக் கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் பிடுங்கிக் கொடுக்கக் கூடாது. திறமை பார்த்துப் பிள்ளைகளைப் பொறுக்கி, பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, மணிக்கட்டைப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு அப்படி ஒருவர் சொல்லிக் கொடுத்தார். அந்த வருஷத்தின் அத்தனை கேட்டுக்கும் நடுவில் நானும் லெப்ட் கார்னரும் எதிரிகளாக வளராமல் போனதற்கு வேறு காரணம் கிடையாது.