தாத்தா கீறி அழித்த விலை!

அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ பழைய ரோபோ பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்களிடம், 'கிடைக்கவே கஷ்டமான ஃபாரின் சரக்கு எது?' என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பான் என்பார்கள், பிரேசில் என்பார்கள். கூடவே இந்தியாவையும் சொல்வார்கள். நம்ம சென்னை கம்பெனி பெட்டியில் போட்டு, ரூபாயில் விலை அச்சடித்து, மதுரைக் கடைகளில் விற்ற பொம்மைதான் அவர்களுக்கு ஃபாரின் சரக்கு!

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று எல்லோரும் சொல்லும் திருச்சுழிக்குப் பக்கத்தில், மழையை நம்பி மிளகாயும் கம்பும் போடும் ஒரு கிராமம்தான் எங்கள் அம்மா ஊர். மாமா இப்போது அருப்புக்கோட்டையில் இருக்கிறார். நூற்பாலை ஒன்றில் ஃபிட்டர். வயது 37. அவர் வீட்டு பீரோவின் மேல்தட்டில் பட்டுப்புடவைக்குப் பதிலாக 11 ரோபோக்கள் நிற்கின்றன. கையால் நாலு மடக்கு மடக்கினால் லாரியாக, காராக, ஜெட் விமானமாக மாறுகிற டிரான்ஸ்ஃபார்மர் ரோபோக்கள்.

மாமா முதன்முதலில் 'டிரான்ஸ்ஃபார்மர் வாங்கியிருக்கேன்' என்று சொன்னபோது, அம்மாச்சி பதறிப்போய்க் கேட்டது இன்றும் எங்கள் குடும்ப ஜோக். "கரன்ட் ஆபீஸ்காரன் வைப்பானே, அதையாடா வாங்கிட்டு வந்த?"

ஒரே அச்சு, ஊருக்கு ஒரு கலர்

இந்த ரோபோக்கள் பிறந்தது ஜப்பானில். டோக்கியோவின் டகாரா நிறுவனம் 1980-ல் 'டயாக்ளோன்' என்ற பொம்மை வரிசையைக் கொண்டுவந்தது. 1983-ல் 'மைக்ரோ சேஞ்ச்' வந்தது. துப்பாக்கி, கேசட் பிளேயர் என வீட்டுச் சாமான்கள் ரோபோவாக மாறும் வரிசை இது. அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இரண்டையும் பார்த்து உரிமம் வாங்கி, 1984-ல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று பெயர் சூட்டி விற்றது. நல்லவன், கெட்டவன், தலைவன் என்ற கதையெல்லாம் அமெரிக்காவில் மார்வெல் காமிக்ஸ்காரர்கள் சேர்த்தது.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதைப்படி இந்த ரோபோக்களுக்கு உயிர் உண்டு, டிரைவர் தேவையே இல்லை. ஆனால், பழைய கார் ரோபோ சிலவற்றின் கதவைத் திறந்தால் உள்ளே குட்டி சீட் இருக்கும். டயாக்ளோன் காலத்தில் அங்கே உட்காருவதற்குக் காலில் காந்தம் வைத்த குட்டி மனிதர்கள் இருந்தார்கள். கதை மாறியது, அச்சு மாறவில்லை.

அந்த அச்சுகளிலிருந்து வந்த பொம்மைகள் நாடு நாடாகப் போயின. ஜப்பானில் தலைவன் ரோபோவின் பெயர் 'கான்வாய்'. அமெரிக்காவில் அதுவே 'ஆப்டிமஸ் பிரைம்'. பிரான்ஸில் ஜூஸ்ட்ரா என்ற நிறுவனம் டயாக்ளோன் பெயரிலேயே விற்றது. பிரேசிலில் எஸ்ட்ரேலா நிறுவனம் அமெரிக்காவில் இல்லாத நிறங்களில் சின்ன ரோபோக்களைச் செய்தது. அங்கே நல்லவர்கள் அணிக்கு 'ஆப்டிமஸ்', கெட்டவர்கள் அணிக்கு 'மாலிக்னஸ்' என்று பெயர். இப்படி ஒரு நாட்டுச் சந்தைக்கென்று தனியாக வந்த பொம்மைக்காகத்தான் மற்ற நாட்டுக்காரர்கள் இன்று அலைகிறார்கள்.

"ஒரே பொம்மைய கலர் மாத்தி வித்தா, அதையும் தனியா வாங்கணுமா?" என்று நான் கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை. எதிர்வீட்டில் தறி ஓட்டிக்கொண்டிருந்த தாத்தாவைக் கை காட்டினார். அருப்புக்கோட்டையில் நெசவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிசைன் ஒன்றுதான். ஆர்டர் கொடுத்தவர் கேட்கிற மாதிரி உடல் ஒரு கலர், கரை ஒரு கலர். புடவையைப் பார்த்தே எந்த ஊர்க் கடைக்குப் போகிறது என்று சொல்லிவிடுவார் அந்தத் தாத்தா.

ரீரிலீஸ் ரோபோ

2024-ல் 'கில்லி' ரீரிலீஸ் ஆனபோது தியேட்டரில் ஆடியவர்களில் பாதிப் பேர் 2004-ல் கைக்குழந்தைகள். பொம்மையிலும் அப்படித்தான். 1980-களின் ரோபோக்களை டகாரா 2000-லிருந்தும், ஹாஸ்ப்ரோ 2002-லிருந்தும் மறுபடி வெளியிடத் தொடங்கின. 2006-ல் டகாராவும் டோமியும் இணைந்தன. அடுத்த ஆண்டே 'என்கோர்' என்ற மறுவெளியீட்டு வரிசை வந்தது.

ரீரிலீஸிலும் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. ஆப்டிமஸ் பிரைம் லாரியின் இரண்டு பக்கமும் நீளமான புகைக்குழாய்கள் இருக்கும். 2002-ல் அமெரிக்காவில் வந்த பதிப்பில், குழந்தைகளின் பாதுகாப்பு கருதி அவற்றைக் குட்டையாக்கிவிட்டார்கள். ஜப்பான் பதிப்பில் பழைய நீளம். அந்த ஒரு விரல்கடை பிளாஸ்டிக்குக்காகவே ஜப்பான் பெட்டியைத் தேடியவர்கள் ஏராளம். மாமாவின் முதல் ரோபோவும் நீளக்குழாய் வைத்த ஜப்பான் மறுவெளியீடுதான். 2014-ல் சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த நண்பர் ஒருவர், தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தது.

மில் சம்பளக்காரர் இந்த ஆசையை வளர்ப்பது லேசு இல்லை. இறக்குமதி பொம்மைகள் மீதான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20 சதவிகிதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70. தவிர, 2021 ஜனவரி முதல் இங்கே விற்கும் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ முத்திரை கட்டாயம். உள்ளூர்த் தொழிலுக்கும் குழந்தைகளின் பாதுகாப்புக்கும் அது நல்லதுதான். 40 வருடப் பழைய ஜப்பான் ரோபோ எங்கே போய் ஐ.எஸ்.ஐ வாங்கும்?

அதனால் மாமா பெரும்பாலும் உடைந்ததையே குறைந்த விலைக்கு வாங்குவார். தளர்ந்த மூட்டு, துருப்பிடித்த ஸ்க்ரூ எல்லாம் அவர் கைக்குச் சாதாரணம். மஞ்சளாகிப்போன வெள்ளை பிளாஸ்டிக்கைத் தனியே கழற்றி, ஸ்டிக்கர் இல்லாத பாகமாகப் பார்த்து, கையுறை போட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவி மொட்டைமாடி வெயிலில் வைப்பார். உலகம் முழுக்கச் சேகரிப்பாளர்கள் செய்யும் வைத்தியம்தான் இது. "வெளிநாட்டுக்காரன் இதுக்குன்னு புற ஊதா விளக்கு வாங்குறான் பாப்பா. நமக்கு அதுல செலவு மிச்சம்" என்பார்.

போலிகளும் உண்டு. பங்குனிப் பொங்கல் கடைகளில் தொங்குகிறதே, அந்த ரகம் இல்லை. பெட்டி முதல் ஸ்டிக்கர் வரை அப்படியே காப்பியடித்த போலிகள். மாமா முதலில் திருப்பிப் பார்ப்பது ரோபோவின் முதுகையும் பாதத்தையும்தான். நிறுவனத்தின் பெயர், ஆண்டு, தயாரித்த நாடு எல்லாம் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும். எழுத்து மழுங்கியிருந்தாலோ, அந்த இடம் சுரண்டியது போல இருந்தாலோ வைத்துவிடுவார்.

நம்ம ஊர்ப் பெட்டி

2001 வரை இந்தியாவில் பொம்மை போன்ற நுகர்பொருள்களை இஷ்டத்துக்கு இறக்குமதி செய்ய முடியாது. உரிமம் வாங்கி இங்கேயே தயாரிப்பதுதான் வழி. எம்.ஆர்.எஃப் குழுமம் ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் அதைச் செய்தது. தலைமை அலுவலகம் சென்னை. கோவாவில் தொழிற்சாலை, பிறகு ராணிப்பேட்டையிலும். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மட்டுமல்ல, ஜி.ஐ.ஜோ என்ற ராணுவ வீரர் பொம்மைகளும் அவர்களுடையதுதான். ஹாஸ்ப்ரோ 1994-ல் அந்தப் பழைய ஜி.ஐ.ஜோ வரிசையை நிறுத்திய பிறகும், பழைய அச்சுகளில், புதுப்புது கலர்களில் இங்கே தயாரிப்பு தொடர்ந்தது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் நம் பொம்மைகளைத் தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

மாமாவுக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் 2007-ல் வந்த ஹாலிவுட் படம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். காரணம் அதற்கும் முந்தையது.

2000-ம் ஆண்டு வாக்கில், மாமாவுக்கு 12 வயது. அந்த வருடம் மிளகாய் சுமாராகக் காய்த்திருந்தது. விருதுநகர் கமிஷன் கடையில் வற்றல் மூட்டையைப் போட்டுவிட்டு, ஒரு வேலையாக மதுரை போன தாத்தா, திரும்பும்போது ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே ரோபோவாக மாறும் சிவப்புக் கார். அந்தத் தெருவிலேயே யாரும் பார்த்திராத பொருள். அதன் பெயர்கூட மாமாவுக்குத் தெரியாது. 'செவத்தக் காரு', அவ்வளவுதான்.

பெட்டியின் அடிப்பக்கத்தில் ஓர் இடத்தில் மட்டும் அட்டை உரிந்திருந்தது. அம்மாச்சி, "வெல எம்புட்டு?" என்று கேட்டதற்குத் தாத்தா, "கம்மிதான், விடு" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்து மழை பொய்த்த வருடங்கள் வந்தன. மாமா ஐ.டி.ஐ படிக்க ஹாஸ்டலுக்குப் போனார். கை உடைந்து, சக்கரம் கழன்ற செவத்தக் கார், பழைய குடம், செருப்போடு சேர்ந்து ஒருநாள் சைக்கிள் வியாபாரியின் சாக்குக்குள் போனது. பதிலுக்கு வீட்டுக்குக் கொஞ்சம் வெங்காயம் கிடைத்தது. அன்றைய நிலைமைக்கு அது சரியான வியாபாரம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. 2012-ல் தாத்தா இறந்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விடிகாலை, நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு மாமா எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினார். வெளிநாட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் விற்பனைக்கு வைத்திருந்த பிரிக்காத பெட்டி. அதே செவத்தக் கார். ஆறு பக்கமும் படம் எடுத்திருந்தார். பெட்டியின் அடியில் ரூபாயில் அச்சடித்த விலை. 'இந்தியச் சந்தையில் விற்றது என்பதற்கு இதுவே அத்தாட்சி' என்று அதைப் பெருமையாகக் காட்டியிருந்தார்.

நான் போன் செய்தேன். மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்கய்யா கீறி எடுத்தது இதத்தான் பாப்பா. இத்தன வருசம் கழிச்சு இன்னிக்குத்தான் வெலயப் பாக்குறேன்."

அந்தத் தொகைக்கு அப்போது எங்கள் பக்கம் ஒரு ஆள் நாலைந்து நாள் காட்டு வேலைக்குப் போக வேண்டும். "அந்தத் தீவாளிக்கு அவரு வேட்டி எடுக்கல. கேட்டதுக்கு, 'இருக்கது போதும்'னாரு. நானும் நம்பிட்டேன்."

அந்தப் பெட்டிக்கு இப்போது கேட்ட விலை, வரி, தபால் எல்லாம் சேர்த்து மாமாவின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. அத்தை, "ஏங்க, சீட்டுப் பணம் வரும்ல, வாங்கிருங்க" என்றார். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. மாமாதான் வேண்டாம் என்றார். "வெலயோட இருக்க பெட்டி எங்கய்யா குடுத்தது இல்ல."

அந்த அடிப்பக்கப் படத்தை மட்டும் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கடையில் பிரின்ட் போட்டு வந்து, 11 ரோபோக்களுக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். எடுத்தால் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், ஸ்டிக்கர் போய்விடும். பெட்டியோ, உள்ளே இருந்த குறிப்புத் தாளோ இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். விலைச்சீட்டைக் கிழிக்கவே கிழிக்காதீர்கள். முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒருவேளை அது கை உடைந்த, சக்கரம் கழன்ற, பெட்டியே இல்லாத சிவப்புக் காராக இருந்தால்? சேகரிப்பாளர்கள் பலரும் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். மாமா தேடிக்கொண்டிருப்பது அந்த ரகத்தைத்தான்.