பேட்டரி இறங்கிய இரவுகள்

நவம்பர் 4, திங்கள்

காலையில் சாவியைத் திருப்பினேன். மீட்டர் விளக்கு மங்கலாக எரிந்தது. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் சீட்டுக்கு அடியில் ரிலே மட்டும் 'டிக் டிக்' என்று துடித்தது, எஞ்சின் அசையவில்லை. பேட்டரியில் கொஞ்சம் உயிர் மிச்சமிருந்ததால் பெட்ரோல் பம்ப் ஓடியது. இரண்டாவது கியரில் போட்டு, கார்நிறுத்தக் கட்டடத்தின் சரிவில் தள்ளிக்கொண்டு ஓடி, ஒருவழியாக எஞ்சினை எழுப்பினேன்.

முதல்முறை அக்டோபர் 15. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணி 18ஆம் தேதி புதிது மாற்றினேன். 26ஆம் தேதி அதுவும் படுத்தது. இன்று மூன்றாவது முறை.

தீபாவளி முடிந்து நான்கு நாளாகிறது. சிராங்கூன் சாலையின் அலங்கார விளக்குகளை இன்னும் கழற்றவில்லை. அவற்றின் கீழே வண்டியை ஓட்டிக்கொண்டு கேம்பல் லேனில் நான் வேலை பார்க்கும் கடைக்குப் போகும்போது ஒரே எண்ணம்தான்: இரவில் என் வண்டியிலிருந்து எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது.

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளை அலட்சியமாக வைத்துக்கொள்ள முடியாது. அதை ஓட்டுவதற்கான உரிமைச் சான்றிதழ் மட்டுமே 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. அதுவும் பத்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். என் சொந்தச் சம்பளத்தில் நான் வாங்கிய முதல் பெரிய பொருள் இந்த வண்டி. இன்று முதல் வண்டியைப் பற்றிய எல்லாவற்றையும் இந்த நோட்டில் எழுதப்போகிறேன்: எத்தனை மணிக்கு நிறுத்தினேன், எங்கே நிறுத்தினேன், காலையில் எப்படி இருந்தது என்று எல்லாமே.

நவம்பர் 5, செவ்வாய்

ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வேலைக்கு வரும் மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரைப் பிடித்தார். ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் 14.2 வோல்ட் காட்டியது. "சார்ஜிங் நல்லா இருக்கு தம்பி. ரெக்டிஃபயர்ல கோளாறில்ல. நீங்க ஓட்டுற தூரம்தான் பத்தல" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் உண்டு. தோ பாயோ வீட்டிலிருந்து தேக்காவில் உள்ள கடைக்குப் பத்து நிமிடப் பயணம். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. நிற்கும்போது எஞ்சின் மெதுவாகச் சுற்றுகிறது, ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரமும் குறைகிறது. முகப்பு விளக்கோ பகலிலும் எரிந்தாக வேண்டும். 1995 நவம்பரிலிருந்து இங்கே அது சட்டம். ஆனால் இதே தூரத்தைத்தான் இரண்டு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இதுதான் காரணமென்றால் பேட்டரி நாளுக்கு நாள் மெல்ல மெலிந்திருக்க வேண்டும். என் வண்டியோ முதல்நாள் இரவு வரை துள்ளிக் கிளம்பிவிட்டு, மறுநாள் காலையில் செத்துக் கிடக்கிறது.

மின்தூக்கியில் பார்த்த பக்கத்து வீட்டு அண்ணன், கைப்பிடியில் புதிதாகப் பொருத்திய சாலைக் கட்டணக் கருவிமேல் பழி போட்டார். அளந்து பார்க்காமல் எதன்மேலும் பழி போட எனக்கு மனமில்லை.

நவம்பர் 7, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் ஜாலான் புசாரில் உள்ள சிம் லிம் டவருக்கு நடந்தேன். ரெசிஸ்டர், பற்றவைக்கும் ஈயம், ஒயர், ஃபியூஸ் எல்லாம் சில்லறையாகக் கிடைக்கும் கட்டடம் அது. 10 ஆம்பியர் வரை அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன்.

அப்பா இருந்திருந்தால் சுங்கை ரோட்டுக்குப் போயிருப்பார். அங்கே தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய மீட்டர்கள், வானொலிகள், கைக்கடிகாரங்கள் கிடக்கும். அவர் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவார். 1930களில் தொடங்கிய அந்தச் சந்தையை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். ஒரு பொருள் கெட்டால் தூக்கிப்போடாமல் அதன் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றியிருந்தேன். அது 6 ஆம்பியர்-மணி பேட்டரி. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.6 ஆம்பியர், கொடுத்தால் அதற்கு நல்லது. காலையில் 12.8 வோல்ட் காட்டியது.

பேட்டரியை வண்டியில் வைத்தேன். சாவி அணைந்த நிலையில் எதிர்முனை ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரைத் தொடராக இணைத்தேன். வண்டி குடிக்கும் ஒவ்வொரு சொட்டும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போயாக வேண்டும். இந்த நிலையில் ஸ்டார்ட்டரை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

இணைத்ததும் எண் எகிறியது. ஓரிரு நிமிடத்தில் தணிந்து 0.003இல் நின்றது. 3 மில்லிஆம்பியர்! கடிகாரம், சாலைக் கட்டணக் கருவி, எல்லாம் சேர்த்து அவ்வளவுதான். இந்தக் கணக்குப்படி பேட்டரி முழுக்கக் காலியாக 2,000 மணி நேரம், ஏறத்தாழ 83 நாள் ஆகும். ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். பெரிதாக எதுவும் மாறவில்லை.

கசிவே இல்லாத வண்டியில் பேட்டரி இறங்குகிறது. மாலை முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

நான்காவது முறை. ரயிலில் வேலைக்குப் போனேன்.

இரவு நோட்டைப் புரட்டினேன். முதல் இரண்டு முறைக்கும் குறிப்பு கிடையாது. நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தேன். நான்கு தேதிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. நான்கு இரவும் வேலை தாமதமாகி, கட்டடத்துக்குள் மோட்டார்சைக்கிள் இடமெல்லாம் நிரம்பிப்போய், வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தியிருக்கிறேன். நான்கு இரவும் மழை.

வெளியே நிறுத்தியும் மழையில்லாத இரவுகள் இரண்டு. மறுநாள் வண்டி ஒழுங்காகக் கிளம்பியிருக்கிறது. ஆக, மழைதான். ஆண்டுக்குச் சராசரியாக 171 நாள் மழை பெய்யும் ஊரில் இது சின்ன விஷயமல்ல. எங்கோ ஓர் இணைப்பில் தண்ணீர் இறங்குகிறது.

இப்படி அடிமட்டம்வரை இறங்குவது பேட்டரிக்குக் கேடு. காஸ்டன் பிளான்டே 1859இல் செய்து காட்டிய ஈய-அமிலப் பேட்டரியின் வேதியியல்தான் இன்றும் என் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. மின்சாரம் வெளியேறும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. சார்ஜ் ஏறும்போது கரைகிறது. காலியான நிலையிலேயே கிடந்தால் அந்தப் படிகங்கள் இறுகிவிடும், பிறகு முழுதாகக் கரையாது. ஒவ்வொரு மழை இரவும் என் புதுப் பேட்டரியின் ஆயுளைத் தின்றுகொண்டிருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

மீட்டரை மறுபடி தொடராக இணைத்தேன். எண் எகிறித் தணிந்து 0.003. செடிகளுக்குத் தெளிக்கும் பாட்டிலால் ஒவ்வொரு இணைப்பாக நனைத்தேன்: சாவித் துவாரம், பிரேக் சுவிட்ச், பின்விளக்குச் செருகி. ஒரு மணி நேரம் ஆயிற்று. வண்டி சொட்டச் சொட்ட நின்றது. எண் அசையவில்லை.

மழைபோலவே செய்துவிடுவோம் என்று வாளித் தண்ணீரைத் தலைக்கு மேல் தூக்கி டேங்கின்மீது கொட்டினேன்.

0.31.

சற்று நேரம் அப்படியே நின்றது. பிறகு தானாகவே 0.003க்கு இறங்கியது. ஈரம் காயவில்லை, ஆனால் எண் இறங்கிவிட்டது! அப்படியானால் காரணம் ஈரமல்ல. ஒரு துணியால் டேங்கைத் துடைத்துவிட்டு, உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். 0.31. காத்திருந்தேன், இறங்கியது. தட்டினேன், ஏறியது. தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. மழை வண்டியைத் தட்டியிருக்கிறது.

தட்டினால் விழித்துக்கொள்ளும் பொருள் என் வண்டியில் ஒன்றே ஒன்றுதான்: மார்ச் மாதம் பொருத்திய பதிவுக் கேமரா. நிறுத்திய வண்டியை யாராவது இடித்தால், அதிர்வை உணர்ந்து எழுந்து சிறிது நேரம் பதிவுசெய்துவிட்டுத் தூங்கிவிடும். அதற்காக அதன் சிவப்பு ஒயரை பேட்டரியில் நேராகக் கொடுத்திருக்கிறார்கள். நடுவே தனி ஃபியூஸ், சீட்டின் ஓரத்தில் டேப் சுற்றி மறைந்து கிடந்தது. ஃபியூஸ் பெட்டியில் எதைப் பிடுங்கியும் தெரியாமல் போனது அதனால்தான். மீட்டரை இணைத்ததும் எண் எகிறியதும் இந்தக் கேமரா எழுந்துகொண்டதுதான். போன ஞாயிறே அது தன்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

மரத்தடியில் இலைகளில் சேர்ந்து விழும் துளிகள் கனமானவை. ஒன்று எழுப்ப, அது தூங்குவதற்குள் அடுத்தது எழுப்ப, கேமரா இரவெல்லாம் கண் மூடவே இல்லை. பத்து மணி நேரத்துக்கு 3.1 ஆம்பியர்-மணி, பேட்டரியில் பாதிக்கு மேல். குறுகிய பயணத்தால் அது முன்பே நிறையாமல் இருக்க, மீதியும் போய்விடுகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள காருக்கு இது உறைக்காது. என் 6 ஆம்பியர்-மணி தாங்குமா?

இரவு, கேமராவின் நினைவக அட்டையைக் கணினியில் செருகிப் பார்த்தேன். நவம்பர் 12 அதிகாலையின் துண்டுப் படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் மழை, தெருவிளக்கின் மஞ்சளில் சாய்ந்து விழும் மழை, நனைந்து மின்னும் தரை. ஒன்றில் மட்டும் ஒரு பூனை ஓடிக் கடந்தது. கடைசிப் படம் 4:52க்கு, பாதியில் அறுந்திருந்தது.

நவம்பர் 18, திங்கள்

மெக்கானிக் அண்ணனிடம் படங்களைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பார்த்தார். "தூரம்னு சொல்லிட்டேனே தம்பி. டேங்கத் தட்டிப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல" என்றார். சிவப்பு ஒயரை பேட்டரியிலிருந்து பிரித்து, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரோடு சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்தார். இனி நிறுத்திய வண்டிக்குக் கேமராவின் காவல் இருக்காது. யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன். காசு வாங்க மறுத்துவிட்டார். பஃபலோ ரோட்டில் தே தாரிக் வாங்கிக்கொடுத்தேன்.

நவம்பர் 26, செவ்வாய்

நேற்று வேண்டுமென்றே மரத்தடியில் நிறுத்தினேன். நள்ளிரவுக்குப் பிறகு மழை பிடித்தது; ஜன்னல் வழியே அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். காலையில் சீட்டைத் தூக்கி, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, மீட்டரை வைத்தேன். 12.7. பொத்தானை அழுத்தினேன். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.