நாசரேத்தூரில் செய்த சிறு கித்தார்

கோயிலில் கித்தார் ஒலிக்கலாமா என்னும் வினா ஒரு காலத்தில் நம் பங்குகளில் பெரும் வாதமாய் இருந்தது. 1903இல் திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் பியானோவையும் ஆரவாரமான கருவிகளையும் ஆலயத்தினின்று விலக்கினார். 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடோ, குழல் ஆர்கனுக்கு முதன்மை அளித்து, தகுதியுள்ள பிற கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு ஏற்றது. அந்த வாதம் முடிந்தது. எத்தகைய கித்தார் என்னும் வினாதான் முடியவில்லை. 1967இல் உரோமை வெளியிட்ட திருஇசை பற்றிய அறிவுரை, கருவியின் ஒலி குரல்களை மூழ்கடித்துச் சொற்களை மறைத்துவிடலாகாது என்று தெளிவாகக் கூறுகின்றது. எங்கள் பாடகர் குழுவினர் புதிய கித்தார் ஒன்று வாங்கப் பணம் சேர்த்தபோது, இவ்வறிவுரையை அவர்களிடம் பலமுறை எடுத்துரைத்தேன். இளைஞர்கள் விரும்பியதோ அகன்ற உடலுடைய பெரிய கித்தார். நான் விரும்பியது சிறியது.

சிறிய கித்தார் என்றதும் சிறுவர் விளையாட்டுப் பொருள் என எண்ணிவிடல் வேண்டா. பழங்காலத்தில் கித்தார் என்றாலே சிறியதுதான். 1818ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முன்னிரவில், ஆஸ்திரியா நாட்டு ஓபர்ண்டார்ப் ஊரின் புனித நிக்கோலாஸ் ஆலயத்தில், உதவிப் பங்குத்தந்தை யோசேப்பு மோர் அடிகளாரும் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபரும் முதன்முதலில் பாடிய ‘அமைதியான இரவு’ப் பாடலுக்குத் துணைநின்றதும் கித்தாரே. உலகெங்கும் பாடப்படும் அப்பாடல் இரு குரல்களுக்கும் ஒரு கித்தாருக்குமாகவே இயற்றப்பட்டது. அடிகளாரின் கித்தாரை இன்றும் ஹாலைன் நகரக் காட்சிச்சாலையில் காணலாம். அக்காலக் கித்தார்களுக்குக் கட்டியவை ஆட்டுக் குடலினின்று முறுக்கிய நரம்புகள். ஒலி மெலிது, ஆனால் ஒரு வார்த்தையும் மறையாது.

என் மகள் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருப்பதால், அங்குள்ள நாசரேத்து என்னும் சிற்றூரைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. மொரேவிய சபையார் 1740இல் தொடங்கிய ஊர் அது. நம் சபையினர் அல்லர் எனினும், ஊருக்கு இட்ட பெயர் நம் உள்ளத்தைத் தொடுகின்றதன்றோ! 1796இல் ஜெர்மனியின் மார்க்நோய்கிர்ஹனில் பிறந்த மார்ட்டின் என்பவர், 1833இல் அமெரிக்கா சென்று, பிறகு இவ்வூரில் கித்தார் செய்யலானார். அவர் குடும்பத்தார் தச்சர்கள். இசைக்கருவி செய்யும் உரிமை தங்களுக்கே உண்டு, தச்சருக்கு இல்லை என வயலின் செய்வோர் சங்கத்தார் அவர்களோடு வழக்காடிய வரலாறும் உண்டு. தச்சரை இகழ்ந்தவர்கள் நாசரேத்தூரைப் பற்றி யோசித்திருக்கலாம்!

மார்ட்டின் கித்தார்களின் அளவுகளுக்கு எண்களே பெயர். ‘சுழி’ அளவு என்பது அடிப்பகுதியில் 13½ அங்குல அகலம். இளைஞர் விரும்பும் பெரிய வகை 15½ அங்குலத்துக்கும் சற்று மேல். அங்கே பழங்கருவி விற்கும் கடையொன்றில், 1930ஐ ஒட்டிச் செய்யப்பட்ட சுழி அளவுக் கித்தார் ஒன்றையும், அதே அளவில் அண்மையில் செய்த ஒன்றையும் அடுத்தடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். பழையதை எடுத்த கணமே வியப்பு: கையில் பாரமே இல்லை. மேற்பலகை அத்தனை மெலிது; உள்ளே தாங்கும் முட்டுச்சட்டங்களும் மெலிந்தவை. கத்தரிக்கோல்போல் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அச்சட்ட அமைப்பு 1840களிலேயே மார்ட்டின் பட்டறையில் உருவானது. 1922 முதல் எஃகுக் கம்பி தாங்கும் கித்தார்களை அவர்கள் முறையாகச் செய்யத் தொடங்கியபோது, எஃகின் இழுவையைத் தாங்குமளவுக்கே, அதற்குமேல் சிறிதும் மிகாமல் மரத்தை வைத்தார்கள் போலும். புதியதோ சற்றுக் கனம். அதன் கழுத்துக்குள் திருகித் திருத்தத்தக்க எஃகுத் தண்டு உண்டு; கழுத்து வளைந்தால் சில நிமிடங்களில் நேராக்கலாம். மார்ட்டின் நிறுவனம் இதை ஏற்றது 1985இல்தான். பழையது வளைந்தால் கைதேர்ந்த தச்சரைத் தேடவேண்டும்.

ஒலி எப்படி என்பீர்கள். மகளை என் முதுகுப்புறம் அமர்த்தி, எதை வாசிக்கிறாய் என்று சொல்லாமல் மாறிமாறி வாசிக்கச் செய்தேன். ஓங்கித் தட்டியபோது வேறுபாடே புலப்படவில்லை. விரல் நுனியால் மெல்ல மீட்டியபோதுதான் பழையது தன்னைக் காட்டிக்கொடுத்தது. தொட்ட உடனே பேசிற்று. புதியது சற்றுத் தயங்கிப் பேசிற்று, ஆயினும் சுருதி உச்சிவரை பிசகவில்லை. பழமையின் புகழில் பாதி நம் கண்ணில் இருக்கின்றது என்பதும் உண்மையே. 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள் கருவியைக் காணவொட்டாது வாசித்துப் பார்த்தனர். அவர்களுள் பெரும்பாலோரால் ஸ்திராதிவாரி போன்ற பழங்கருவிகளைப் புதியவற்றினின்று பிரித்தறிய முடியவில்லை.

மரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய உயர்தரக் கித்தார்களின் முதுகு பிரேசில் நாட்டு ஈட்டி மரம். அது அருகிவிட்டதால் 1969இல் மார்ட்டின் நிறுவனம் நம் தென்னாட்டிலும் வளரும் இந்திய ஈட்டிக்கு மாறிற்று. பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வணிகம் 1992 முதல் கடுமையாகத் தடுக்கப்பட்டுள்ளது. அம்மரத்தில் செய்த பழங்கருவியை அனுமதிச் சீட்டின்றி எல்லை கடத்திக் கொண்டுவரல் இயலாது. வெளிநாட்டிலிருந்து ‘பழைய கித்தார்’ வாங்கிவரச் சொல்லும் நண்பர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

என் உண்மையான கவலை வேறு. அயல்நாட்டுக் குருக்கள் விட்டுச்சென்ற சிறு கித்தார்கள் சில நம் பங்கு இல்லங்களின் அலமாரிகளில் கிடக்கின்றன. அவற்றுட் பல குடல் நரம்புக்கென்றே செய்யப்பட்டவை. பக்கத்துப் பங்கொன்றில், ஒலி போதவில்லையென அத்தகைய ஒன்றுக்கு எஃகுக் கம்பி மாட்டினார்கள். ஆறு எஃகுக் கம்பிகளின் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோ. நைலானோ குடல் நரம்போ அதில் பாதியளவே இழுக்கும். ஒரு தவக்காலம் முடிவதற்குள் பிரிட்ஜ் கட்டை, மேற்பலகையின் நாரையும் உரித்துக்கொண்டு பெயர்ந்துவந்தது. எத்தனை திருப்பலிகளுக்குத் துணைநின்ற கருவி! அதைக் கெடுத்தவர்கள் பகைவர் அல்லர். அன்போடு பாடிய பிள்ளைகள்.

ஆகவே எங்கள் குழுவினரிடம் இரண்டு சொன்னேன். வாங்குவது புதியதாகவே இருக்கட்டும். நம் கடற்கரை ஈரக்காற்றில் மரம் உப்பிக் கம்பிகள் மேலெழும்போது, திருகித் திருத்தும் கழுத்து பேருதவி. அளவு சிறியதாகவும், மேற்பலகை ஒட்டுப்பலகையாய் இராமல் முழுமரமாகவும் இருக்கட்டும். சில வாரங்கள் வாதாடினார்கள். ‘கடைசி வரிசைக்குக் கேட்குமா மாமா?’ என்றான் ஒருவன். ஒலிபெருக்கி இருக்கின்றதே என்றேன். அது எனக்கே முழு நிறைவளிக்கும் விடையன்று. மழையில் மின்சாரம் போகும் இரவுகளும் உண்டு. இருந்தும் இசைந்தார்கள்.

இப்போது அதை ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வாசிக்கின்றாள். பெரிய கித்தாரின்மேல் அவள் கை வளைந்து எட்டியதே இல்லை. பக்கத்துப் பங்கின் பழைய கித்தாரையும் கேட்டு வாங்கி வந்திருக்கின்றேன். பெயர்ந்த கட்டையை ஒட்டுவதற்கு, முன்னாளைப்போல் வச்சிரம் காய்ச்சத் தெரிந்த தச்சர் ஒருவர் வேண்டும். இக்காலப் பசையில் ஒட்டினால் மறுமுறை பிரித்துப் பழுதுபார்ப்பது அரிது. விசாரித்துக்கொண்டிருக்கின்றேன், மழைக்காலம் கழியட்டும்.