சாலிகிராமத்தில் ஒரு பொம்மைப் படம்!

சாலிகிராமத்தில் மாடிக்கு மாடி டப்பிங், எடிட்டிங் என்று போர்டு தொங்கும். டீக்கடையில் நாலு பேர் நின்றால் ஒருவர் உதவி இயக்குநர். மற்ற மூவர் உதவி இயக்குநராக முயற்சிப்பவர்கள். அங்கே ஒரு முதல் மாடியில் அனிமேஷன் ஸ்டூடியோ. பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கிய என் சித்தப்பாவை அங்கே கூட்டிப் போனேன்.

சித்தப்பா சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேன். ‘தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு பற்றி ரெண்டு நிமிஷம் பொம்மைப் படம் எடுத்துட்டு வாங்க’ என்று முதலாளி உத்தரவு. பி.காம். படித்த பாவத்துக்கு, கணக்குப் பார்க்க நான்!

ஏன் பொம்மைப் படம்? மருந்து உராய்ந்து தீப்பிடிப்பதை நிஜமாக எடுத்தால் கேமராமேன் மிஞ்சுவாரா?

ஸ்டூடியோ இளைஞர் விலை சொல்லவில்லை. முதலில் கேட்டது, “படத்தை யார் சார் பார்க்கப் போறாங்க?”

“நம்ம பொம்பளைகதான் தம்பி. பாதிப் பேருக்கு வாசிக்க வராது.”

“அப்ப எழுத்தே வேணாம். படமும் குரலும் போதும்.”

அடுத்து கணக்கு. ஒரு விநாடிக்கு 24 படம். ரெண்டு நிமிஷத்துக்கு 2,880! ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டர் முழுசாக வரைந்து முடிக்க (ரெண்டரிங் என்கிறார்கள்) 5 நிமிஷம் என்றாலும், ஒரே மெஷினில் பத்து நாள் ராப்பகலாக ஓட வேண்டும். அதனால்தான் நீளத்தைப் பொறுத்து விலை.

இங்கே ஒரு சிக்கல். ஆரம்பத்தில் தன் போட்டோ 20 விநாடி வர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. படத்தில் ஆறில் ஒரு பங்கு! செலவிலும் அதே பங்கு என்று போனில் பக்குவமாகச் சொன்னேன். போட்டோ மூன்று விநாடியாகச் சுருங்கியது.

பணம் மூன்று தவணை. கையெழுத்துப் போடும்போது 40 சதவீதம், அனிமேட்டிக் ஓகே ஆனதும் 30, படம் கைக்கு வந்ததும் 30. மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. இலவசமாக ரெண்டு முறை திருத்தம். மூன்றாவதிலிருந்து மீட்டர் ஓடும். காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கொடுத்தவருக்கே சொந்தம் என்கிறது 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம். ஆனால் பின்னால் மாற்றிக்கொள்ள மூல ஃபைல்களும் வேண்டுமென்றால் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

ரெண்டு வாரம் கழித்து ஸ்டோரிபோர்டு. காட்சிகளைக் கட்டம் கட்டமாகப் பென்சிலில் வரைந்திருந்தார்கள். சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“ரூமுக்குள்ள அஞ்சு பேர் இருக்காங்களே? நாலு பேருக்கு மேல கூடாது. இந்தப் பொண்ணு நைலான் சேலை கட்டியிருக்கு, பருத்தியாக்குங்க. மருந்துகிட்ட இரும்புக் கரண்டியா? ஐயோ, அதை முதல்ல எடுங்க! நம்ம ஆளுக பாத்தா சிரிச்சுப்புடுவாக.”

இளைஞர் ரப்பரை எடுத்தார். பத்தே நிமிஷம். இதே தப்புகளை ரெண்டர் ஆன பிறகு பார்த்திருந்தால் வாரக்கணக்கில் வேலை, ஆயிரக்கணக்கில் செலவு. பொம்மைப் படம் எடுக்க நினைப்பவர்களே, வாயைத் திறக்க வேண்டிய இடம் ஸ்டோரிபோர்டுதான்!

கடைசிக் கட்டத்துக்கு வந்தார் சித்தப்பா. அறை வெடித்து, பெண்கள் தூக்கி எறியப்படும் காட்சி. இளைஞர் ரசித்து வரைந்திருந்தார். சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை.

“இது வேணாம் தம்பி. பாக்கப் போறவங்கள்ல புருஷனைப் பறிகொடுத்தவ இருக்கா. மகளைக் கொடுத்தவ இருக்கா.”

“அப்புறம் எப்படி சார் பயம் வரும்?”

“ரூமுக்குள்ள செருப்பு போட மாட்டாக. வாசல்ல கழட்டிப் போட்டுட்டுத்தான் போவாக. சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாக... அந்த ஒரு ரூம் வாசல்ல மட்டும் நாலு ஜோடிச் செருப்பு கிடக்கட்டும். போதும்.”

இளைஞர் பதில் சொல்லாமல் பென்சிலைச் சீவினார்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு அக்காவையே குரல் கொடுக்க வைத்தார்கள். படத்தோடு குரலைப் பொருத்திப் பார்ப்பதுதான் அனிமேட்டிக். அதற்கு முதலாளி தலையாட்டிய பிறகே உருவமும் நிறமும் அசைவும். கடைசியில் சத்தமும் இசையும். மொத்தம் ரெண்டரை மாதம்.

படத்தைப் போட்டுப் பார்த்த முதலாளி கேட்டாராம்: “என்ன போர்மேன், இவ்வளவு செலவழிச்சும் வெடிக்கிற சீனையே காணோமே?”

சித்தப்பா சொன்னாராம்: “வெடிக்காம இருக்கத்தானே அண்ணாச்சி எடுத்தோம்!”