அப்பாவும் எலுமிச்சங்கோழியும்

எழுதி ரொம்ப நாளாச்சு. சும்மா கெடந்தவனைக் கிளப்பிவிட்டது ஒரு கோழி. (செய்முறை மட்டும் போதும்ங்கறவங்க நேரா கடைசிக்குப் போயிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.)

மொதல்ல கொஞ்சம் கொசுவத்தி. அப்பா கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையில வேலை பார்த்தவர். ஞாயித்துக்கிழமைன்னா டிவிஎஸ் 50-ல பை தொங்க கோழியோட வருவார். அம்மா தேங்காய் அரைச்சு ஊத்தி வெக்கிற குழம்பு தெருமுனை வரைக்கும் மணக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் போன வருஷம் நெஞ்சுவலி. ஸ்டென்ட் வெச்சு அனுப்பின டாக்டர் எண்ணெய், தேங்காய், உப்பு மூணுலயும் கைவெச்சுட்டார். தோல் எடுத்த கோழிய வேகவெச்சோ சுட்டோ சாப்பிடலாம்னார். அம்மா வேகவெச்சே குடுத்தாங்க. அப்பா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு எழுந்து போயிடுவார். திட்டினாக்கூட பரவாயில்ல, பேசாம எழுந்து போறதுதான் தாங்கல. சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு.

பெங்களூர்லேர்ந்து லீவுல வந்த நான், நாமதான் அப்பாவைக் காப்பாத்தணும்னு களத்துல குதிச்சேன். இணையத்துல பிடிச்ச வெள்ளைக்காரக் குறிப்பு: எலுமிச்சைச் சாறு, எலுமிச்சைத் தோல் துருவல், தைம், ஆரிகனோ. 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமே ஆயிடுச்சு, ஆனா எங்க தெரு மளிகைக்கடை அண்ணாச்சிகிட்ட தைம் கேட்டா மணி சொல்றார்.

அந்த ரெண்டும் இல்லாமயே எறங்கினேன். நாலு பழத்தைப் புழிஞ்சு, தோலைப் பரபரன்னு துருவிப் போட்டு, ராத்திரி முழுக்க ஊறட்டும்னு விட்டுட்டேன். நல்லா ஊறினா நல்லாத்தானே இருக்கும்? காலையில பாத்தா கறி வெந்த மாதிரி வெளுத்துக் கெடக்கு. சுட்டா மேல மாவு, உள்ள சக்கை, எல்லாத்துக்கும் மேல கசப்பு. அப்பா ஒரு துண்டு தின்னார். "மருந்து பரவால்லடா"ன்னார். தங்கமணி திரும்பிக்கிட்டு சிரிச்சாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அந்த வாரம் கல்லூரி நண்பன் ஒருத்தன் ஊருக்குக் கூப்பிட்டான். கல்வராயன் மலையில வெள்ளிமலைப் பக்கம். கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறணும். அவங்க மலையாளி பழங்குடி. மலையாளின்னதும் கேரளாவுக்குப் போயிடாதீங்க, இங்க மலையாள்ற மக்களுக்கு அதான் பேரு, பேசறது தமிழ். அவங்க ஆயா வெடக்கோழி ஒண்ணை அடிச்சு, உப்பும் பச்சமிளகாயும் வாசலோரம் மண்டிக் கெடந்த கற்பூரவல்லியும் அரைச்சுப் பூசி வெச்சாங்க. நான் பெரிய இவனாட்டம் எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினேன்.

"பழத்த இப்பவே புழிஞ்சா கறி வெளுத்துப்போவும் தம்பி. சுட்டப்பறம் புழிஞ்சிக்கலாம்."

தணல்ல சுட்டு எடுத்து, சூட்டோட பழத்தைப் புழிஞ்சு, சாமைச் சோத்தோட வெச்சாங்க. அவ்ளோதான். நான் ஒரு வாரமா தேடின வாசனை அந்தத் தட்டுல இருந்துது.

எறங்கி வந்து படிச்சுப் பாத்ததுல ஆயா சொன்னது சரின்னு புரிஞ்சுது. எலுமிச்சைப் புளிப்பு கறியோட மேல்பக்கத்துப் புரதத்தை நெருப்பில்லாமலே வேகவெச்ச மாதிரி மாத்திடும். சில மில்லிமீட்டருக்கு மேல உள்ள போகாது. அதனால ராத்திரி முழுக்க ஊறினா மேல மட்டும்தான் கெடும். உள்ள போறது உப்புதான், அதுக்கும் நேரம் வேணும். கசப்பு, பச்சைத் தோலோட சேத்து நான் துருவின வெள்ளைத் தோலால. இன்னொண்ணு, ஆரிகனோ வாசனைக்குக் காரணமான கார்வக்ரால் நம்ம கற்பூரவல்லியிலயும் இருக்கு. தைம்ல இருக்கற தைமால் நம்ம ஓமத்துல இருக்கு. கொல்லையில வெச்சுக்கிட்டு கடை கடையா அலைஞ்சிருக்கேன்!

அடுத்த ஞாயிறு மறுபடி செஞ்சேன். கடைசியா விழற புளிப்புல உப்பு கொறைஞ்சதே தெரியல. அப்பா பேசாம சாப்பிட்டார். அம்மா தண்ணி எடுக்க உள்ள போனதும் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"டேய், அவ வர்றதுக்குள்ள இன்னொரு துண்டு வை."

அம்மா கதவோரமா நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தாங்க. கண்டுக்கல.

சரி, செய்முறை:

தோல் எடுத்த கோழிக்கால் 1 கிலோ, ஆழமா கீறிக்கோங்க. கொத்தமல்லி ஒரு கைப்பிடி, புதினா அரைக் கைப்பிடி, கற்பூரவல்லி 5 இலை, பச்சமிளகாய் 3, பூண்டு 6 பல், மிளகு 1 டீஸ்பூன், ஓமம் கால் டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன் (டாக்டர் திட்டாதவங்க இன்னும் அரை சேத்துக்கலாம்), எண்ணெய் 2 டீஸ்பூன். கொரகொரன்னு அரைச்சுப் பூசி ஃப்ரிட்ஜுல 4 மணி நேரம். சுடறதுக்கு அரை மணி முன்னாடி அரை மூடி எலுமிச்சை, அவ்ளோதான். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், புளிப்புக்கு ஆகாது. தீ அடங்கின தணல்ல திருப்பித் திருப்பி சுடுங்க. எலும்போரம் ரத்தம் தெரியக்கூடாது. தெர்மாமீட்டர் இருந்தா உள்ள 74 டிகிரி செல்சியஸ் காட்டணும். பாத்திரத்துல மிஞ்சின அரைப்பைக் கொட்டிடுங்க, பச்சைக்கறி பட்டதை வெந்த கறிமேல ஊத்தாதீங்க. எறக்கினதும் ஒரு முழுப் பழம் புழிஞ்சு, நறுக்கின மல்லி தூவுங்க.

டிஸ்கி: இதயத்துல பிரச்சினை இருக்கறவங்க டாக்டரைக் கேட்டுட்டு சாப்பிடுங்க. ரெண்டாவது துண்டுக்கு வீட்டம்மாவைக் கேட்டுக்கோங்க.