கடிகாரம் சொல்லாதது

பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் விடியலில் ஓடிப் பழகும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், இவர்களுக்கு எத்தகைய பயிற்சியாளர் வாய்க்க வேண்டும் என்று நாம் எண்ணுவதுண்டு. உடனே நினைவில் எழுபவர், புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன்.

2006ஆம் ஆண்டு தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தவர், பின்னர் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தடகளப் பயிற்சியாளர் ஆனார்.

ஓட்ட நுட்பத்தைக் கற்பிப்பதும் கடிகாரம் பார்த்து நேரம் குறிப்பதும் பயிற்சியின் ஒரு பாதி. பிள்ளை பசியோடு வந்திருக்கிறதா, வலியை மறைக்கிறதா என்று கண்டறிவதும், ஊர் தூற்றும் நாளில் அதன் அருகில் நிற்பதும் மறுபாதி. பதக்கம் போன பிறகும் களத்துக்குத் திரும்பலாம் என்பதைத் தம் வாழ்வில் அறிந்தவரிடம் நம் பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கலாம்.